13பி ரோட்டரி விமானத்தில் ஆயில் கூலர் இணைப்பை அடியிலிருந்து மாற்றியது

ஏறும் வேகத்தில் ஆயில் 112 டிகிரி செல்சியஸைத் தொட்டது. தொட்ட பிறகும் முள் நிற்கவில்லை. தண்ணீர் ரேடியேட்டரின் சூடு எல்லைக்குள் இருந்தது, அழுத்தமும் சரியாக இருந்தது, ஆயில் மட்டும் ஏறிக்கொண்டே போனது. உயரம் போதும் என்று திராட்டிலைக் குறைத்து இறங்கிவிட்டேன். டெக்சாஸ் கோடை தொடங்கும் முன்பே இந்த நிலை என்றால் ஆகஸ்ட் மாதத்தில் விமானத்தை ஹேங்கரை விட்டு வெளியே எடுக்கவே முடியாது. எனவே ஆயில் கூலர் தொடர்பான அத்தனையையும் கழற்றி, முதலிலிருந்து யோசித்துப் போடுவது என்று முடிவு செய்தேன். அந்த வேலையின் பதிவு இது.

விமானம் ஆர்வி-7, இரண்டு இருக்கை. உரிமையாளரே கட்டிக்கொள்ளும் வகை, பாதி கட்டிய நிலையில் வாங்கிய கிட். என்ஜின் மாஸ்டா 13பி, இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு ரோட்டருக்கும் 654 சிசி, இரண்டும் சேர்ந்து 1308 சிசி. என்ஜினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே வேகம் குறைக்கும் கியர்பாக்ஸ். குழாய் வேலை முழுவதும் எனக்கு முன் இந்தக் கிட்டை வைத்திருந்தவர் செய்தது. சான்று பெறாத என்ஜின் என்பதால் சோதனைக் கட்டம் 40 மணி நேரம். அது முடியும்வரை விமானத்தில் பயணி ஏறக் கூடாது.

ரோட்டரி என்றதும் சிலருக்கு முதல் உலகப்போர்க் கால நோம், லெ ரோன் என்ஜின்கள் நினைவுக்கு வரலாம். அவற்றில் சிலிண்டர்களே புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழன்றன. ஆமணக்கெண்ணெய் ஒருமுறை உள்ளே போய் எக்ஸாஸ்ட் வழியாக வெளியே சிதறிவிடும், திரும்பி வராது. திரும்பி வராத எண்ணெய்க்குக் கூலர் எதற்கு? நான் பேசுவது ஃபெலிக்ஸ் வாங்கெல் வழி வந்த, முக்கோண ரோட்டர் சுழலும் என்ஜின். இதில் ஆயில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் பெருஞ்சூட்டைச் சுமந்து வருகிறது.

பிஸ்டன் என்ஜின் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வாங்கெல் என்ஜினில் வெளிக்கூட்டைத் தண்ணீர் குளிர்விக்கிறது. உள்ளே சுழலும் ரோட்டரைத் தண்ணீர் எட்டாது. எக்சென்ட்ரிக் ஷாஃப்டில், அதாவது ரோட்டர்கள் சுழற்றும் நடுத்தண்டில், உள்ள ஜெட்கள் ரோட்டரின் உட்குழிவுக்குள் ஆயிலைப் பீய்ச்சுகின்றன. ரோட்டர் முகத்தில் எரிதல் தரும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு அந்த ஆயில் என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு வடிகிறது. என்ஜின் குளிர்விப்புக்குக் கொடுக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆயில் வழியாகவே வெளியேற வேண்டும். ஆகவே ஆயில் கூலர் இங்கே துணைக் கருவி அல்ல. அது இரண்டாவது ரேடியேட்டர். அதன் குழாய், எல்போ (குழாய் திரும்பும் இணைப்பு), காற்றுப் பாதை எல்லாவற்றுக்கும் ரேடியேட்டருக்குத் தரும் அதே மரியாதையைத் தர வேண்டும். முன்பு இருந்த அமைப்பில் அந்த மரியாதை இல்லை.

சூடு மிஞ்சினால் முதலில் அடி வாங்குவது ரோட்டரின் பக்கவாட்டில் உள்ள ஆயில் கன்ட்ரோல் ரிங்குகளுக்குள் இருக்கும் ரப்பர் ஓ-ரிங்குகள். அவை இறுகிவிட்டால் ஆயில் எரியும் அறைக்குள் கசியும், புகை வரும், என்ஜினை முழுதாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ரோட்டரி பறப்பவர்கள் 99 டிகிரி, அதாவது 210 ஃபாரன்ஹீட், என்ற கோட்டைக் கடக்காமல் பார்த்துக்கொள்வது அதனால்தான்.

கழற்றுவதற்கு முன் அளந்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன். ஆயில் சூடேறினால் பெரிய கூலர் வாங்கு என்பதுதான் எல்லோரும் தரும் முதல் ஆலோசனை. அளக்காமல் வாங்கிய பெரிய கூலர் எடையை மட்டுமே கூட்டும். நான்கு இடங்களில் சென்சார் வைத்தேன்: கூலருக்குள் போகும் ஆயில், வெளியே வரும் ஆயில், கூலருக்கு முன்னால் காற்று, பின்னால் காற்று. கூடவே தெளிவான பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்து, நிறம் கலந்த தண்ணீர் ஊற்றிய மானோமீட்டர் ஒன்றும், காற்றின் அழுத்த வித்தியாசத்தைத் தண்ணீர் மட்டத்தில் காட்ட. கூலரின் முன் முகத்தில் ஒரு முனை, பின் முகத்தில் ஒரு முனை. பறக்கும்போது குனிந்து படிக்க முடியாது என்பதால் காக்பிட்டில் சிறு கேமராவைப் பொருத்தி, தரையிறங்கிய பிறகு படித்தேன்.

இந்த நான்கு எண்களும் சேர்ந்தால் நோய் எங்கே என்று சொல்லிவிடும். ஆயிலின் இறக்கம் சிறியதாகவும், வெளியேறும் காற்று ஆயிலை நெருங்கும் அளவு சூடாகவும் இருந்தால் காற்று போதவில்லை. ஆயில் நிறையக் குளிர்ந்து வந்தும் என்ஜின் சூடாகவே இருந்தால் ஆயிலின் ஓட்டம் போதவில்லை, குழாயில் நெருக்கடி இருக்கிறது. ஆயிலும் சரியாகக் குளிராமல், காற்றும் சரியாகச் சூடாகாமல் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை என்று பொருள்.

எனக்குக் கிடைத்தது மூன்றாவது. ஆயில் 112-இல் உள்ளே போய் 101-இல் வெளியே வந்தது. 31 டிகிரியில் நுழைந்த காற்று 52-இல் வெளியேறியது. 112 டிகிரி ஆயில் ஓடும் கூலரைக் கடந்த காற்று வெறும் 21 டிகிரிதான் ஏறியிருக்கிறது. சூடான ஆயிலில் பெரும்பகுதி கூலரின் தட்டுகளுக்குள் போகாமல் எங்கோ குறுக்கு வழியில் ஓடுகிறது.

அந்தக் குறுக்கு வழி கூலருக்குள்ளேயே இருந்தது. மாஸ்டாவின் காரில் வரும் கூலரில் ஒரு பைபாஸ் வால்வு உண்டு. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது அது தட்டுகளைத் தவிர்த்து நேராகத் திருப்பி அனுப்பும். சூடேறியதும் உள்ளே இருக்கும் மெழுகு விரிந்து வால்வை மூட வேண்டும். கழற்றி, தண்ணீரில் போட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகும் தண்டு பாதி தூரமே நகர்ந்தது. வால்வு மூடும்போது அமரும் இடமும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. பழைய கார் உதிரியை விமானத்தில் போடுபவர்கள் கூலரின் வெளித்தோற்றத்தை மட்டும் பார்க்காமல் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். செலவு இல்லை, அரை மணி நேரம்கூட ஆகாது.

என்ஜினுக்குள்ளும் இதே வகையில் இன்னொரு மெழுகுக் கருவி இருக்கிறது, எக்சென்ட்ரிக் ஷாஃப்டின் முனையில். குளிரில் அது ரோட்டர் ஜெட்களுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்து, என்ஜின் விரைவில் சூடேற உதவுகிறது. அது பழுதானால் ரோட்டருக்குப் போக வேண்டிய ஆயில் போகாது. விமானத்தில் அதற்கு இடமே இல்லை. என் என்ஜினில் ஏற்கெனவே அதை எடுத்துவிட்டு அசையாத உலோகத் துண்டு போட்டிருந்ததைச் சரிபார்த்துக்கொண்டேன்.

பைபாஸ் ஒன்றோடு கதை முடியவில்லை. அந்த வால்வு முழுதாக மூடினாலும் போதாது என்று மானோமீட்டர் சொன்னது. மணிக்கு 160 கிலோமீட்டர் ஏறும் வேகத்தில் காற்று தரக்கூடிய முழு அழுத்தமே தண்ணீர் மட்டத்தில் ஏறத்தாழ 120 மில்லிமீட்டர்தான். அதில் கூலரின் முன் முகத்துக்கு வந்து சேர்ந்தது 85. பின் முகத்தில் 45 தேங்கி நின்றது. கூலரைக் கடக்கக் காற்றுக்குக் கிடைத்தது வெறும் 40 மில்லிமீட்டர். முன்னால் வரும் காற்றைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். இங்கே இழப்பில் பெரும்பங்கு பின்னால், வெளியேற வழியின்றித் திணறும் காற்றில் இருந்தது.

தேவை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டேன். முழுச் சக்தியில் ஆயில் ஏறத்தாழ 33 கிலோவாட் வெப்பத்தை விட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பம்ப் நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளுகிறது என்றால் ஆயிலில் சுமார் 28 டிகிரி இறக்கம் தேவை. காற்று 34 டிகிரி சூடேற அனுமதித்தால் விநாடிக்கு ஏறத்தாழ 1 கிலோ காற்று கூலரைக் கடக்க வேண்டும். பழைய அமைப்பின் எண்களை அதே கணக்கில் போட்டால் வருவது விநாடிக்கு 0.6 கிலோ.

இனி குழாய். முதலில் திசையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காரில் கிளட்ச் இருந்த முனையில்தான் இங்கே கியர்பாக்ஸும் புரொப்பெல்லரும் வருகின்றன. எனவே காரின் என்ஜின் முன்பக்கம் விமானத்தில் ஃபயர்வாலை, அதாவது என்ஜினையும் காக்பிட்டையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவரை, பார்க்கிறது, பின்பக்கம் மூக்கைப் பார்க்கிறது. மாஸ்டா கையேட்டில் முன், பின் என்று படிக்கும் ஒவ்வொரு இடத்திலும் இதைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஆயில் பம்ப் கையேட்டின் முன்பக்கத்தில், அதாவது ஃபயர்வால் அருகே இருக்கிறது. அங்கிருந்து ஆயில் கூலருக்குப் போய், பிறகு கையேட்டின் பின்பக்க வார்ப்புக்குள் நுழைந்து, ஃபில்டரைக் கடந்து, பேரிங்குகளுக்கும் ஷாஃப்டுக்கும் போகிறது.

இந்த வரிசையில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, கூலர் ஃபில்டருக்கு முன்னால் வருகிறது. கூலரில் தங்கிய துகளை ஃபில்டர் பிடித்துவிடும். ஆனால் குளிர்ந்த கெட்டி ஆயிலில் ஃபில்டரின் பைபாஸ் திறந்துவிட்டால் பிடிக்காது. ஆகவே கூலரைச் சுத்தம் செய்வதில் சலுகை கிடையாது. இரண்டாவது இன்னும் முக்கியம். காக்பிட்டில் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் கடிகாரம் ஃபில்டருக்குப் பிந்தைய அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. கூலரும் அதன் ஹோஸ்களும் பார்ப்பது பம்ப்பின் நேரடி அழுத்தம். குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அது கடிகாரத்தில் தெரிவதைவிட வெகுவாக அதிகமாக இருக்கும். ஹோஸையும் கூலரையும் கடிகாரத்தின் எண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

பழைய ஹோஸ் ஏஎன்-8 அளவு, வழியெங்கும் சதுரமாகத் திரும்பும் வார்ப்பு எல்போக்கள். ஏஎன் அளவு என்பது உலோகக் குழாயின் வெளிவிட்டம் ஓர் அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 8 என்றால் அரை அங்குலம், 10 என்றால் ஐந்தெட்டு அங்குலம். பார்வைக்குச் சிறு வித்தியாசம்தான். ஆனால் நிமிடத்துக்கு 40 லிட்டர் ஓடும்போது ஏஎன்-8 ஹோஸுக்குள் ஆயிலின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர், ஏஎன்-10-இல் ஐந்துக்கும் குறைவு. எல்போவில் இழக்கும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அளவை ஒரு படி உயர்த்தினால் ஒவ்வொரு திருப்பத்திலும் இழப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. எல்லாவற்றையும் ஏஎன்-10 ஆக்கினேன். சதுர எல்போக்களை எடுத்துவிட்டு, குழாயை வளைத்துச் செய்த நீண்ட வளைவு ஃபிட்டிங்குகளைப் போட்டேன். என்ஜின் வார்ப்பில் மரையேறும் இரண்டு அடாப்டர்களும் இப்போது எஃகு. மற்ற இடங்களில் அலுமினியம் போதும். ஆனால் அதிர்வும் சூடும் முழுதாக விழும் அந்த இரண்டு இடங்களில் அலுமினியத்தை நான் நம்ப மாட்டேன்.

மரைகள் பற்றி ஒரு எச்சரிக்கை. ஏஎன் ஃபிட்டிங்கில் அடைப்பதை மரை செய்வதில்லை. 37 டிகிரி கூம்பும் அதன்மேல் அமரும் முகமும்தான் அடைக்கின்றன. அங்கே டெஃப்ளான் டேப் சுற்றினால் எந்தப் பயனும் இல்லை. அறுந்த நூல் ஒன்று உள்ளே போய் ரோட்டர் ஜெட்டை அடைத்தால் என்ஜின் போய்விடும். மரைக்கு ஒரு துளி ஆயில் போதும்.

ஹோஸ் டெஃப்ளான் உட்குழாயும் எஃகுப் பின்னலும் கொண்டது, மேலே தீத்தடுப்பு உறை. உறையின் முனைகளை மூடிப் பட்டையிட்டு இறுக்கினேன். திறந்து விட்டால் உறை கசிந்த ஆயிலை உறிஞ்சிக்கொண்டு தானே திரியாகிவிடும். பாதை தேர்ந்தெடுப்பதில் 13பி ஒரு சலுகை தருகிறது. உள்ளிழுப்பும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, ஸ்பார்க் பிளக்குகள் எதிர்ப்பக்கத்தில். இந்த என்ஜினின் எக்ஸாஸ்ட் 900 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். எனவே இரண்டு ஹோஸ்களையும் பிளக் பக்கமாகவே கொண்டுபோனேன். கொஞ்சம் நீளம் கூடியது, பரவாயில்லை.

அழுத்தம் ஏறும்போது ஹோஸ் நீளத்தில் சுருங்கும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஏசி 43.13-1பி கையேடு 5 முதல் 8 சதவீதம் தளர்வு விடச் சொல்கிறது. பழைய ஹோஸ் ஒன்று கம்பிபோல விறைத்து இருந்தது. அதோடு, ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் பக்கவாட்டில் உதறும். கூலர் விமானத்தின் சட்டத்தோடு இறுக்கப்பட்டிருந்தால் அந்த அசைவு முழுவதையும் ஹோஸ்தான் தாங்க வேண்டும். நடுவில் போதிய வளைவு விட்டேன். ரப்பர் மெத்தை வைத்த கிளாம்ப்பால் பிடித்தேன். ஹோஸின் மேல் ஓடும் கோடு முறுக்கின்றி நேராகப் போகிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்த்தேன். முறுக்கோடு இறுக்கிய ஹோஸ் அழுத்தத்தில் தன்னை நேராக்கிக்கொள்ளப் பார்க்கும், நட்டைத் தளர்த்திவிடும்.

இவ்வளவு கவனம் ஏன் என்றால், சம்பில் இருப்பது ஏறத்தாழ 5 லிட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளும் பம்ப், கழன்ற ஹோஸ் வழியாக அதை எட்டு விநாடிக்குள் வெளியே கொட்டிவிடும். கியர்பாக்ஸும் இதே ஆயிலைத்தான் குடிக்கிறது. விமானி கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

கூலரைப் புதிதாக வாங்கினேன், பைபாஸ் இல்லாத ஒற்றைக் கூலர். இரண்டு சிறிய கூலர்களைப் பக்கவாட்டில் பிரித்துப் போடும் யோசனையும் இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் அழுத்த இழப்பு கூடுகிறது. இணையாகப் போட்டால் ஒன்றில் ஆயில் குளிர்ந்து கெட்டிப்படும்போது மொத்த ஓட்டமும் மற்றதன் வழியே போய்விடலாம். மேலும், ஒவ்வொரு கூடுதல் கூலரும் நான்கு கூடுதல் இணைப்புகள் என்று பொருள். இடம் இருக்கும்போது ஒன்றே மேல். வாய்கள் மேலே இருக்குமாறு நிறுத்தினேன். வாய்கள் கீழே இருந்தால் மேல் தட்டுகளில் காற்று சிக்கி, அந்தப் பகுதி வேலையே செய்யாது.

காற்றுப் பாதைதான் அதிக நேரம் எடுத்தது. காற்றைக் கூலருக்குக் கொண்டுவரும் பழைய டக்ட், கூலரின் ஓரங்களில் விரல் நுழையும் இடைவெளியோடு உட்கார்ந்திருந்தது. காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் எடுக்கும். நுழைவாயிலின் உதட்டை உருட்டி, உள்ளே மெல்ல விரியும்படி ஃபைபர்கிளாஸில் புதிய டக்ட் வார்த்து, கூலரின் சட்டத்தோடு சிலிகான் பட்டையால் அடைத்தேன். பின்பக்கம், சூடான காற்று கவுலிங்குக்குள், அதாவது என்ஜினை மூடும் வெளி உறைக்குள், சிதறி ரேடியேட்டர் காற்றோடு மோதிக்கொண்டிருந்தது. அதற்குத் தனியாக ஒரு சரிவும், கவுலிங்கின் அடியில் தனி வாயும் கொடுத்தேன். அந்த வாயின் முன் விளிம்பைச் சற்றுக் கீழே வளைத்ததும் பின் அழுத்தம் 45 மில்லிமீட்டரிலிருந்து 10-க்கு இறங்கிவிட்டது. முன் முகத்தில் 100. கூலருக்குக் கிடைப்பது இப்போது 90.

பொருத்தும் முன் ஹோஸ்களில் ஆயில் நிரப்பி, கைப்பம்ப்பால் 14 பார் ஏற்றி, விட்டுப் பார்த்தேன். இதைக் கம்ப்ரஸர் காற்றில் செய்யக் கூடாது. அடைபட்ட காற்று வெடித்தால் ஆள் பிழைப்பது கடினம், ஆயில் வெறுமனே கசிந்து நிற்கும். பிறகு கூலரை மேல் வாய் வழியாக நிரப்பி, பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஸ்டார்ட்டரால் சுழற்றி அழுத்தம் வரும்வரை பார்த்தேன். சம்பில் ஆயில் மட்டம் இறங்கியது, மீண்டும் ஊற்றினேன். ஒவ்வொரு நட்டின் மேலும் பெயின்ட் கோடு இழுத்தேன். கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று டார்ச் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும்.

அதே விமான நிலையம், வெளியே அதே 31 டிகிரி, அதே ஏறும் வேகம். ஆயில் 96-இல் நின்றது. கூலரிலிருந்து திரும்பி வந்தது 68. வெளியேறிய காற்று 65. சமமட்டப் பறப்பில் ஆயில் 85. முதலில் அளந்தபோது என்ஜின் கொடுத்த வெப்பத்தில் பாதிகூட வெளியே போகவில்லை, அதனால்தான் முள் நிற்காமல் ஏறியது. இப்போது உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிவிட்டன.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. ஆகஸ்ட் வெயிலுக்கு இந்த அமைப்பு சரி, டிசம்பர் குளிருக்கு அதிகம். ஆயில் போதிய சூடு ஏறாவிட்டால் அதில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடும். பைபாஸ் வால்வை மீண்டும் சேர்க்க எனக்கு மனமில்லை. கூலரின் முன் முகத்தில் மூன்றில் ஒரு பங்கை மறைக்கும் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன். நான்கு திருகு, கவுலிங்கைக் கழற்றாமலே நுழைவாயில் வழியாகப் போட முடியும். குளிர் வந்ததும் தகட்டோடு அதே நான்கு எண்களை மறுபடி எடுப்பேன்.